கொக்கு இடது பக்கம் திரும்பும்

ஹேமலதாவுக்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே நாள், ஒரே தாள். காலையில் கவுண்டரில் கொடுத்தாள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலையிழப்பு உதவி வழங்கப்படுகிறது என்று அவள் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. நானும் அதே நாளில், அதே வரிசையில், அவளுக்கு அடுத்த ஆளாகத்தான் நின்றேன். எழுபது நாள் ஆகியும் எனக்கு ஒன்றும் வரவில்லை.

எங்கள் இருவரையும் ஒரே வெள்ளிக்கிழமைதான் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. எங்கள் ஊரில் கணபதி என்கிற பகுதியில் பம்பு மோட்டார் செய்கிற கம்பெனி. மோட்டாருக்குள்ளே ஸ்டேட்டர் என்று ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதன் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் பேப்பரைச் செருகி, செம்புக் கம்பிச் சுருளை இறக்கி, அது வெளியே வராதபடி மூங்கில் குச்சியால் அடைத்து, முடிந்ததைப் பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும். பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு பெண்கள். முதல் மேஜையில் ஹேமலதா. அவளுக்கு இடப்பக்கம் சுவர். இரண்டாவது மேஜையில் திவ்யபாரதி, அதாவது நான். ஆறு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அந்தப் பன்னிரண்டு மேஜையிலும் கொக்குதான் நிற்கிறது. கம்பெனி வைத்த பெயர் வேறு, வாயில் நுழையாது. இரண்டு கை, மேலே நீளக் கழுத்து, கழுத்து முனையில் கேமரா. பெட்டியிலிருந்து இறக்கும்போதே நாங்கள் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டோம். அது யாரிடம் வேலை கற்றுக்கொண்டது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களிடம்தான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜையன்று எல்லோருக்கும் மெல்லிய கையுறையும் ஒரு கண்ணாடியும் கொடுத்தார்கள். பாதுகாப்புக்கு என்றார்கள். கையுறை எங்கள் விரல் அசைவையும், கண்ணாடி நாங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதையும் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் என்னடாவென்றால் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டோம். எங்கள் வேலையைப் பிடுங்கப் போவதற்குப் பொட்டு வைத்த புத்திசாலிகள் நாங்கள்.

ஹேமலதாவைப் பற்றிச் சொல்கிறேன். அவள் சுருளை இறக்கினால் வாரிப் பின்னிய ஜடை மாதிரி உட்கார்ந்திருக்கும். கம்பியில் ஒரு கீறல் இருக்காது. சூப்பர்வைசர் புதுசாக யாரையாவது கூட்டி வந்தால் நேரே அவள் மேஜைக்குத்தான் போவார். என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் போவார். சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வண்டியோடு வாசலில் நிற்பார். நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே எரியும்.

வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் உதவி உண்டு என்று சட்டம் வந்து சில வருஷங்களாகிறது. அதற்கு இரண்டு வழி. முதலாவது தொடர் வேலை. ஒரே இடத்தில், ஒரே பதிவில் ஐந்து வருஷம் விடாமல் வேலை பார்த்திருந்தால் கேள்வியே கிடையாது, பதினெட்டு மாசம் உதவி வரும். இரண்டாவது கைத்தடம். இயந்திரத்துக்குள் இருக்கிற ஓர் அசைவு என்னுடையது என்று நிரூபித்துவிட்டால், அந்த அசைவோடு அந்த இயந்திரம் எத்தனை வருஷம் ஓடுகிறதோ அத்தனை வருஷமும் வரும். கேட்க நன்றாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். நிரூபிப்பது அவ்வளவு சுலபமில்லை. மூன்று முறைதான் அடையாளம் காட்டலாம், மூன்றும் தப்பினால் விண்ணப்பம் முடிந்தது. அதனால் பதிவு சரியாக இருக்கிறவர்கள் யாரும் இரண்டாவது வழிக்குப் போவதில்லை. ஹேமலதாவுக்குப் பதினோரு வருஷம் ஒரே கம்பெனி, ஒரே பதிவு. முதல் வழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் தாளை எட்டிப் பார்த்து, "உனக்கு எத்தன ஷீட்டு புள்ள?" என்று கேட்டாள். என்னிடம் பதினாறு இருந்தது.

என் பிழைப்பு அப்படி. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் இரண்டு வருஷம். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகு வீட்டிலேயே பிளவுஸ் தையல் மூன்று வருஷம். அப்புறம் ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி ஒன்றரை வருஷம். அப்புறம்தான் பம்பு கம்பெனி. அங்கும் முதல் நாலு வருஷம் கான்ட்ராக்டர் மூலம். பதினோரு மாசம் முடிந்தால் ஒரு நாள் வீட்டில் இருக்கச் சொல்வார், மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார். அந்த ஒரு நாள் எனக்குத் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்குகிற நாள். அதுதான் என் காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்? கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, நான் ஐந்து முறை வேலையை விட்டுப் போனவள் என்றாள். தையலுக்குச் சுயதொழில் வாரியம் என்றாள். அங்கே போனால், நீங்கள் கடைசியாக இருந்தது கம்பெனித் தொழிலாளியாக, எங்களிடம் வரக்கூடாது என்றார்கள். டெலிவரிக்கு ஓர் ஆப் மட்டும்தான் இருந்தது, அந்த ஆப்பே இப்போது இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்திருக்கிறேன். அவர்கள் கணக்கில் நான் எங்குமே உழைக்கவில்லை.

எனக்கு மிஞ்சியது கைத்தடம்தான். அது கிடைக்காவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு தாராபுரத்தில் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். மகள் யாழினிக்குப் பிளஸ் டூ பரீட்சை வர நாலு மாசம். நடுவில் பள்ளிக்கூடம் மாற்றினால் அவள் படிப்பு என்னாகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. விசாரணைக்குப் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் சாட்சிக்கு வர வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. மூன்றாம் மேஜை சுனிதா தன் சொந்த ஊருக்கு, ஜார்க்கண்டுக்கே போய்விட்டாள். மிச்சம் யார்? ஹேமலதா.

போன் செய்வதற்கு இரண்டு நாள் யோசித்தேன். அவளோ நான் சொல்லி முடிப்பதற்குள் வருகிறேன் என்றாள். வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. இரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். நன்றாக வேலை செய்கிறவள் நல்லவளாகவும் இருந்து தொலைத்தால் மனுஷி எங்கே போவது?

விசாரணை அறையில் நடுவில் ஒரு கொக்கு நின்றது. ஓடுகிற கொக்கை நான் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. அதிகாரி இன்பராஜுக்கு ஐம்பது வயசிருக்கும், மூக்கிலிருந்து கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. சுவரில் இருந்த திரையில் கம்பெனிப் பொறியாளர், என் தம்பி வயசுப் பையன், எங்கேயோ ஓர் அறையிலிருந்து பேசினான். ஹேமலதா வழக்கம் போல எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். அதிகாரி விதியை வாசித்தார். இயந்திரம் வேலை செய்யும். எந்த அசைவு என்னுடையது என்று கை காட்ட வேண்டும். அது எதற்காகச் செய்த அசைவு என்றும் சொல்ல வேண்டும். பதிவுகளோடு ஒப்பிட்டுக் கணினி சொல்லிவிடும்.

கொக்கு பேப்பரை எடுத்து, கட்டைவிரல் நகம் மாதிரி இருந்த நுனியால் ஓரத்தை மடித்து அழுத்தியது. பிளவுஸுக்கு ஓரம் மடிக்கிற மாதிரி நான் அப்படித்தான் அழுத்துவேன். அதுதான் என்று கை காட்டினேன். கணினி ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் மேஜை இல்லை, முதல் மேஜை என்றது. அடுத்து கொக்கு கம்பி முனையைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஒதுக்கியது. அதுவும் என்னுடையது என்றுதான் நினைத்தேன். அதுவும் முதல் மேஜை. ஆறு வருஷம் அவளைப் பார்த்துப் பார்த்து எது அவளுடையது எது என்னுடையது என்றே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. இயந்திரத்துக்குள்ளும் அவளே போய் உட்கார்ந்துகொண்டாளா என்று பற்றிக்கொண்டு வந்தது.

இன்பராஜ் தலையை நிமிர்த்தி ஹேமலதாவைப் பார்த்தார். அவளுடைய கோப்பைத் தன் கணினியில் வரவழைத்துப் படித்தார்.

"ஏம்மா, இதுல பெரும்பாலும் உங்க கைதான் இருக்குது. நீங்க ஏன் கைத்தடத்துல விண்ணப்பிக்கல?"

"பதிவு சரியா இருக்குது, மொத வழியே போதும்னாங்க. கையெழுத்துப் போட்டனுங்க."

"ரெண்டாவதுல வந்திருந்தா இது ஓடற வரைக்கும் வந்திருக்கும்."

"இப்ப மாத்திக்கலாமுங்களா சார்?"

"ஒண்ணுல கையெழுத்துப் போட்டா இன்னொண்ணு மூடிரும்மா. விதி அப்படி."

ஹேமலதா சரிங்க என்று மட்டும் சொன்னாள். மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் காதை நேராக்கினாள். எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் இருந்தது. ஒரே தாளில் வாங்கிக்கொண்டு போனாளே, போகட்டும் என்று உள்ளே ஒரு குரல் சிரித்தது. அடுத்த நிமிஷமே வெட்கம் வந்தது. எனக்காகச் சாட்சி சொல்ல வந்த இடத்தில்தானே அவளுக்கு இது தெரிந்தது.

இன்னும் ஒரு வாய்ப்புதான் பாக்கி. கொக்கு சுருளை இறக்கியது. இறக்கியதும் கையை நிறுத்திக் கழுத்தை இடது பக்கம் திருப்பியது. அரை விநாடி அப்படியே நின்று, பழையபடி திரும்பி அடுத்த பள்ளத்துக்குப் போனது. அடுத்த சுருள் இறங்கியதும் மறுபடி இடது பக்கம். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, காலி நாற்காலி ஒன்றுதான் கிடந்தது.

இது என்ன என்று அதிகாரி கேட்டார். பொறியாளர் கொஞ்சம் நெளிந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பதிவிலிருந்து தானாக வந்தது, தரச் சோதனையாக இருக்கும் என்று விட்டுவிட்டோம் என்றான். ஒரு தடவை அதை நீக்கிப் பார்த்தார்களாம். எடுத்ததும் கொக்குகள் மந்தமாகிவிட்டன, எண்ணிக்கை இறங்கிவிட்டது. பக்கத்துக் கொக்கின் தட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் வேகம் பிடிக்கின்றன போலிருக்கிறது என்று திரும்ப வைத்துவிட்டார்களாம்.

அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் எதற்காக என்றும் சொல்ல வேண்டும். யாரை வைத்துக்கொண்டு? இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவளை வைத்துக்கொண்டு. அவளுக்குச் சற்று முன்தான் அவ்வளவு பெரிய அடி விழுந்திருக்கிறது. யாழினியை நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"அது நானுங்க சார்."

"எதுக்காகத் திரும்புவீங்க?"

"இவ தட்டுல எத்தன முடிஞ்சிருக்குதுன்னு பாக்கறதுக்குங்க."

"அது எதுக்கு?"

"பொறாமைங்க சார்."

இன்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவைத் தேடச் சொன்னார். இந்தத் தடவை கணினி இரண்டாம் மேஜை என்றது. ஒரு ஷிஃப்டுக்குச் சராசரி இருநூற்றுப் பதினாலு தடவை நான் இடது பக்கம் பார்த்திருக்கிறேனாம். அத்தனை தடவை நான் சாமி படத்தைக்கூடப் பார்த்ததில்லை.

பொறியாளர் விடவில்லை. முதல் மேஜைக்கு இடப்பக்கச் சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது, இவர் மணி பார்த்திருப்பார் என்றான். எப்போது ஷிஃப்ட் முடியும் என்று பார்ப்பது வேலையில் சேராது, அது சோம்பல், அதற்கு உதவி கிடையாது என்றான். எங்களுக்குக் கொடுத்த கண்ணாடியின் பதிவில் திசைதான் தெரியும், தட்டா கடிகாரமா என்று தெரியாதாம். இன்பராஜ் ஹேமலதா பக்கம் திரும்பினார். இதற்குத்தான் சாட்சி, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

நான் அவளைப் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இடது பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்குத் தெரியாதுங்க என்று அவள் சொன்னால் போதும். பொய் என்றுகூட யாரும் சொல்ல முடியாது. அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்து, அந்த யோசனையைப் பாதியில் விட்டுவிட்டேன்.

"நான் லீவு போட்ட நாளு பாருங்க சார்" என்றாள் ஹேமலதா.

"என்னம்மா?"

"ரெண்டு வருஷத்துல ஆறு நாள் லீவு போட்டிருக்கறேன். அன்னிக்கும் கடிகாரம் அங்கதானுங்க இருந்துச்சு. இவ திரும்பியிருக்காளான்னு பாருங்க."

பார்த்தார்கள். ஆறு நாளும் ஒரு தடவைகூட நான் திரும்பவில்லை. அதோடு விடாமல், அந்த ஆறு நாளும் என் வேலை வழக்கத்தில் பாதிதான் நடந்திருக்கிறது என்றும் கணினி சொல்லிற்று. பொறியாளர் திரையில் குனிந்து எதையோ தேடுவது போல இருந்தான்.

இவர் பார்ப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று இன்பராஜ் கேட்டார். படிவத்துக்காகக் கேட்டாரா, சும்மா கேட்டாரா, தெரியவில்லை.

"தெரியாம இருக்குமுங்களா? எல்லாரும் முடிஞ்ச தட்டை இடது பக்கந்தான் வெப்பாங்க. நான் வலது பக்கம் வெச்சிருந்தேன். இவ பாக்கட்டும்னுதான் வெச்சேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அதிகாரியைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவ கழுத்து திரும்புதுன்னா எனக்குக் கை ஓடுமுங்க சார். எனக்கு அந்தப் பக்கம் செவுருதான். நான் யாரப் பாக்கறது?"

படிவத்தில் அசைவின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. பொறாமை என்று எழுதினால் மேலே அனுமதிக்க மாட்டார்கள் என்று இன்பராஜ் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில், அருகிலுள்ள தொழிலாளியின் வேகத்தை ஒப்பிட்டுத் தன் வேகத்தை நிர்ணயித்தல் என்று எழுதினார். என் வயிற்றெரிச்சலுக்கு அரசாங்கத் தமிழில் இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உத்தரவை அப்போதே அச்செடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இந்த அசைவோடு இந்த வகை இயந்திரம் ஓடும் காலம் முழுவதும், என்று அதில் இருந்தது. இப்படி எத்தனை கொக்கு ஓடுகிறது என்று கேட்டேன். எங்கள் கம்பெனியில் மட்டும் இல்லை, இதே கழுத்தை இப்போது வேறு எட்டுக் கம்பெனிக்கு எடுத்திருக்கிறார்கள் என்றார். கையைத்தான் அங்கங்கே மாற்றிக்கொள்கிறார்களாம், கழுத்து அப்படியே போகிறதாம்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டோம். மன்னிச்சுக்கோ என்று ஆரம்பித்தேன். ஊறுகாய் வேணுமா என்று கேட்டாள். பதினெட்டு மாசம் முடிந்த பிறகு என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரியாது என்றாள். உனக்காவது தையல் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும், எனக்குச் சுருள் இறக்குவதைத் தவிர ஒன்றும் தெரியாதே என்றாள். சாப்பாடு என்னவோ அன்று எனக்கு ருசியாகத்தான் இருந்தது. அதற்காகவும் என் மேலேயே கோபம் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பழக்க தோஷம், அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். கொஞ்ச தூரம் போனதும் அவள், "என்ற மேஜைல நிக்கற கொக்கும் இப்படித்தான் திரும்புமா?" என்று கேட்டாள்.

"திரும்பும். எல்லாத்துக்கும் ஒரே கழுத்துதான."

"அதுக்கு அந்தப் பக்கம் செவுருதான இருக்குது."

"ஆமா."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உத்தரவை எடுத்து மடியில் விரித்து இன்னொரு தடவை படித்தேன். காலம் முழுவதும் என்ற வரியைக் கண் தேடிப் போனபோது, பக்கத்தில் லேசான அசைவு தெரிந்தது. ஹேமலதாவின் கழுத்து வலது பக்கம் திரும்பியது. என் தாள் மேல் ஒரு பார்வை, உடனே மறுபடி ஜன்னல். அரை விநாடிதான் இருக்கும், அந்த அளவு எனக்கு அத்துப்படி.

நான் எதுவும் தெரியாதவள் போல இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தாளை மடித்துப் பைக்குள் வைக்காமல், அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி இடது பக்கம் தள்ளி வைத்துக்கொண்டேன்.